நீரின் மூச்சு



மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், கல்முனைக் கரையோரத்து ஊர்களில் சுபஹுத் தொழுகைக்குச் செல்வோர் தோணாவின் கரையைக் கடக்கும்போது சிற்சில வேளைகளில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. நீரின் மேற்பரப்பெங்கும் மீன்கள் வாயைப் பிளந்தவாறு நிற்கும். கைத்தடியால் நீரைத் தட்டினாலும் அவை விலகி ஓடா. பொழுது புலர்ந்து வெயில் சற்று ஏறியதும் ஒவ்வொன்றாய் அடியில் மறைந்துவிடும். வேறொரு நாள் அவ்வாறு மறைவதில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிய மிதக்கும். அன்று கடைத்தெருவில் எழும் முதற்பேச்சு, யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்பதே. நஞ்சு கலப்பாரும் உலகில் உண்டு. ஆயினும், விடியற்காலையில் வாய்திறந்து நின்று மடியும் மீன்களுக்குப் பெரும்பாலும் நஞ்சு காரணமன்று. மூச்சுத் திணறலே காரணம்.

தோணா என்னும் சொல் நாட்டின் ஏனைய பகுதிகளிலுள்ள நேயர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். மேற்கே விரிந்து கிடக்கும் வயல் வட்டைகளுக்கும் கிழக்கேயுள்ள கடலுக்கும் இடையில், ஊர்களின் ஊடாக வளைந்து கிடக்கும் ஒடுங்கிய நீர்நிலையே தோணா எனப்படும். அஃது ஆறும் அன்று, குளமும் அன்று. மாரி வெள்ளம் வடியும்போது ஆறு போல் ஓடும். கோடையில் கடல்வாயை மணல் அடைத்தபின் குளம் போல் தேங்கும். சாய்ந்தமருதுத் தோணாவை அம்பாறைக் கரையோரத்தில் அறியாதார் இலர். ஒருமுறைக்கு மேற்பட்டுத் தூர்வாரப்பட்டும், மீண்டும் மீண்டும் ஆற்றுவாழை மூடிக் குப்பை நிறைந்த நீர்நிலை அது. இத்தகைய நீரைக் காற்றூட்டும் பொறிகொண்டு உயிர்ப்பித்துவிடலாகாதா என்பது எவர்க்கும் எழக்கூடிய வினா. பிற நாடுகளில் குளங்களிலும் ஏரிகளிலும் அவ்வாறு செய்து வருகின்றனர் என்பதும் உண்மையே. ஆகவே அம்முறையின் இயல்பையும் எல்லையையும் சற்று ஆராய்தல் தகும்.

மனிதர் சுவாசிக்கும் அதே பிராணவாயுவையே மீனும் சுவாசிக்கின்றது. பாடசாலைப் புத்தகங்கள் அதனை ஒட்சிசன் என்று கூறும். காற்றில் அது தாராளமாக உண்டு. ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம். நீரிலோ அது மிகவும் அரிது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீர், வாயு நிறையக் கரைந்திருக்கும் நிலையிலும், சுமார் 7.5 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. உறைநிலைக்கு அண்மித்த குளிர்நீர் 14.6 மில்லிகிராம் வரை தாங்கும். கடல் நீராயின் நம் வெப்பத்தில் 6 மில்லிகிராமை ஒட்டியே நிற்கும். ஆகவே வெப்ப நாட்டு நீர், அதிலும் உப்புக் கலந்த நீர், பிறவியிலேயே மூச்சுக் குறைந்த நீர் எனல் வேண்டும். பெரும்பாலான மீன்கள் நலமுடன் வாழ லீற்றருக்கு 5 மில்லிகிராமேனும் வேண்டும். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அவை மேலே வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படையை உறிஞ்சத் தொடங்கும். விராலும் கணையானும் மட்டும் கவலைப்படுவதில்லை. வெளிக் காற்றையே உட்கொள்ளும் உறுப்பு அவற்றிற்கு உண்டு. 1952ஆம் ஆண்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எனவே திலாப்பியா மிதந்த குளம் மெய்யாகவே கெட்ட குளம்.

இனி, விடியற்காலையில் இந்த இடர் நேர்வது ஏன்? நீரிலுள்ள பாசியும் பூண்டும் பகலில் கதிரொளியைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகின்றன. இரவில் அவை உண்டாக்குவதில்லை. மற்ற உயிர்களைப் போல் உட்கொள்ளவே செய்கின்றன. பாசி அளவோடு இருந்தால் பகலில் சேர்ந்தது இரவுக்குப் போதும். பாசி மிகுந்து நீர் கடும்பச்சையாகிவிட்டாலோ, மாலையில் அளவுக்கு மீறிச் செல்வமும் விடியலில் வறுமையும் காணப்படும். வானம் மூடிய இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் பகல் வருமானமும் குறைந்துபோகும். போதாக்குறைக்கு, பகலில் வீசிய கச்சான் காற்றும் கடற்காற்றும் விடியுமுன் அடங்கிவிடுகின்றன. காற்று அலையை எழுப்பி நீரைப் புரட்டினாலன்றி மேலுள்ள வாயு அடிக்குச் செல்லாது. அசையாத நீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் அது பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்பர். காற்று நீரின் மேல் அமர்ந்திருந்தும் ஆறடிக் கீழுள்ள மீன் மூச்சடைத்துச் சாவதன் மருமம் இதுவே.

நீரின் மேல் ஆற்றுவாழை படர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கெடும். அழகிய ஊதாப் பூவுக்காக 1905ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இந்தப் பூண்டைத் தடுக்க, நான்கே ஆண்டுகளில், 1909இல், தனியொரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்து நூற்றாண்டு கடந்தும் பூண்டு போகவில்லை. அது நீரைப் போர்வை போல் மூடுகின்றது. ஒளி உள்ளே புகாமையால் நீரடிப் பாசி வேலை செய்வதில்லை. காற்றுத் தொடாமையால் மேல்வாயு கரைவதில்லை. அழுகி விழும் இலையும் வேரும் இருந்த வாயுவையும் உண்டுவிடுகின்றன. மீன் சாகும், கொசுப் புழுவோ குழாயொன்றை நீருக்கு மேலே நீட்டி வெளிக் காற்றைச் சுவாசிப்பதால் சாவதில்லை. தன்னை உண்ணும் மீன் ஒழிந்துபோக, அது பெருகவே செய்யும்.

ஆயினும் ஆற்றுவாழையை முதற் குற்றவாளி எனல் முறையன்று. அதற்கு உணவிடுவோர் எவர் என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாய், சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனை வட்டைகளுக்கு வாய்க்கால் நீர் ஒழுங்காகக் கிடைத்தது. சிறுபோகமும் பெரும்போகமும் செழித்தன. பின்னாளில் உரம் மிகுந்தது. வயலில் பயிர் எடுத்தது போக எஞ்சிய நைதரசனும் பொசுபரசும் வடிச்சல் வாய்க்கால் வழியே தாழ்ந்த வில்லுகளுக்கும் களப்புக்கும் தோணாவுக்கும் வந்து சேருகின்றன. ஊர்களோ வீட்டோடு வீடு ஒட்டியவை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விடுவதற்கும் காணி இல்லை. மணல் நிலம், நீரை வடிகட்டும் என்று நம்பப்படுகின்றது. குழிநீரில் கரைந்த உப்புக்களை அது தடுப்பதில்லை. சந்தைக் கழிவு, இறைச்சிக் கடைக் கழிவு, நெல்லவிக்கும் ஆலைகளின் ஊறல் நீர் ஆகியவற்றுக்கும் சில இடங்களில் தாழ்ந்த பக்கம் எதுவோ அதுவே வழி. நெல் ஊறிய நீர் இரண்டு நாள் நின்றால் எத்தகைய நாற்றம் எடுக்கும் என்பதை அவ்வூர்த் தாய்மார் நன்கறிவார்கள். அந்நாற்றத்தின் பொருள், அதிலுள்ள பிராணவாயு முற்றாகத் தீர்ந்துபோயிற்று என்பதே.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒரு மனிதனின் ஒரு நாட் கழிவுநீர் நீர்நிலையிற் கலந்து சிதைவதற்கு ஏறத்தாழ 54 கிராம் ஒட்சிசன் வேண்டும் என்பது பொறியியலாளர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் அளவு. லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் என்று நிறைந்துள்ள நல்ல நீரிலிருந்து அதனைப் பெற வேண்டுமாயின், 7,200 லீற்றர் நீரின் மூச்சு முழுவதும் செலவாகும். அஃதாவது, பெரிய தண்ணீர் பவுசர் ஒன்று கொள்ளும் நீர், ஒருவனுடைய ஒரு நாளுக்கு! ஆயிரம் பேரின் கழிவு ஒரு தோணாவிற் சேருமாயின், நாளொன்றுக்கு 54 கிலோகிராம் பிராணவாயு வேண்டும். நல்ல காற்றூட்டும் பொறியொன்று, வெப்ப நாட்டுக் குளத்தில், ஓர் அலகு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஒட்சிசனைக் கரைக்கலாம். பல பொறிகள் அதனிலும் குறைவாகவே கரைக்கும். ஆகவே ஆயிரம் பேரின் கழிவுக்கு ஈடுகொடுக்க நாள்தோறும் ஐம்பதுக்கு மேற்பட்ட அலகுகள், ஆண்டு முழுவதும், ஒரு நாளும் தவறாது செலவாதல் வேண்டும். அந்தப் பட்டியலைச் செலுத்துவோர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்குமுன் பொறியை வாங்குவது, எரிபொருள் இல்லாத ஊருக்கு மோட்டார் வண்டி வாங்குவதை ஒக்கும்.

காற்றூட்டும் கருவிகள் பலவகைப்படும். புத்தளம், சிலாபம் பகுதி இறால் வளர்ப்போர் பயன்படுத்துவது துடுப்புச் சக்கரம். நீரின் மேல் மிதந்தவாறு சுழன்று, நீரை வாரி வாரி வீசும். ஆழம் குறைந்த குளத்துக்கு அதுவே தக்கது. மற்றொன்று, கரையில் வைத்த அமுக்கியிலிருந்து குழாய்வழியே காற்றைச் செலுத்தி, அடியில் வைத்த நுண்துளைத் தட்டிலிருந்து குமிழிகளாக விடுவது. குமிழி மேலெழும்போது தன்னோடு அடிநீரையும் தூக்கி வருகின்றது. குமிழியிலிருந்து கரையும் வாயுவைவிட, அடிநீர் மேலே வந்து காற்றைத் தொடுவதாற் பெறும் வாயுவே சாதாரணக் குளங்களிற் பெரிது. ஆழமான குளத்தில் இம்முறை நன்கு பயன்படும். தோணா போன்ற ஆழமற்ற நீரிலோ குமிழி எழுந்த வேகத்திலேயே வெளியேறிவிடுமாதலின் பயன் சிறிது. மூன்றாவது, நகர்ப் பூங்காக்களிற் காணும் நீரூற்று. அதிகாரிகளுக்கும் விருந்தினர்க்கும் அதுவே மிகவும் பிடிக்கும். மாலையில் வண்ண விளக்கும் பொருத்தலாம். ஆனால் அது புரட்டுவது பெரும்பாலும் மேல் நீரையே. மேல் நீருக்கோ பகலிற் குறைவேதும் இல்லை. மாலையில் மக்கள் பார்க்கும் நேரத்தில் இயக்கி, பத்து மணிக்கு நிறுத்திவிடும் நீரூற்று, மீனுக்கு வேண்டிய நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். மீன் வளர்ப்போர் தம் சக்கரங்களை நள்ளிரவு முதல் விடியும் வரை இயக்குவதன் காரணத்தை நேயர்கள் இப்பொழுது எளிதில் உணர்வார்கள்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அழுகல் படிந்த சேற்றில் பிராணவாயு இராது. கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு தங்கியிருக்கும். அத்தகைய நீரில் வலிய பொறியொன்றை முதல் நாளே முழு வேகத்தில் இயக்கினால் சேறு கலங்கும், நச்சுவாயு மேலெழும், கலங்கிய அழுகல், இருந்த சிறிது பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். மீனைக் காக்க வந்த பொறியே மீனைக் கொன்றதாய் முடியும். தூர்வாரும் இயந்திரம் இறங்கிய மறுநாள் சில குளங்களில் மீன் மிதப்பதும் இக்காரணத்தாலேயே. முதல் நாள் சிறிது நேரம், அடுத்த நாள் அதனிலும் சற்று அதிகம் என்று பழக்குவதே முறை.

காற்றூட்டலால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குச் சுவிட்சர்லாந்து தேசத்து ஏரிகள் இரண்டு நல்ல சான்று. பால்டெக் ஏரி 66 மீற்றர் ஆழம். செம்பாக் ஏரி 87 மீற்றர். சுற்றுப்புறத்துப் பண்ணைகளின் எருவும் ஊர்களின் கழிவும் சேர்ந்து, இரண்டும் பாசி மிகுந்து கெட்டன. 1984 ஆகஸ்டு மாதத்தில் செம்பாக் ஏரியில் மீன்கள் பெருந்தொகையாய் மடிந்தன. பால்டெக்கில் 1982 முதலும், செம்பாக்கில் 1984 முதலும், குளிர்காலத்தில் காற்றுக் குமிழியால் நீரைக் கலக்கியும், கோடையில் தூய ஒட்சிசனை ஏரியின் அடியில் நுண்குமிழிகளாக விட்டும் வந்தனர். அடிநீரில் பிராணவாயு நின்றது. அது பெரிய நன்மை. ஆனால் அறிஞர்கள் எதிர்பார்த்தது மற்றொன்று. அடியில் பிராணவாயு இருந்தால், சேற்றிலுள்ள இரும்பு பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாசிக்கு உணவு குறையும் என்பதே அவ்வெதிர்பார்ப்பு. ரெனே கெக்டர், பெர்ன்ஹார்ட் வேர்லி என்னும் இரு விஞ்ஞானிகள் பத்தாண்டுகால அளவீடுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. சேறு முன்போலவே பொசுபரசை வெளிவிட்டுக்கொண்டிருந்தது. பத்தாண்டுக் காற்றூட்டல் அதனைச் சிறிதும் குறைக்கவில்லை. ஏரி நீரில் பொசுபரசு குறைந்தது உண்மை. அது குறைந்தது, வெளியிலிருந்து வருவதைத் தடுத்தமையால். ஊர்க் கழிவைச் சுத்திகரித்தனர், எருவிடுதலைக் கட்டுப்படுத்தினர், 1986இல் சலவைத் தூளிற் பொசுபேற்றுச் சேர்ப்பதையே அந்நாட்டில் தடைசெய்தனர். செல்வமும் கல்வியும் நிறைந்த ஒரு நாடு, தூய ஒட்சிசனை ஏரிக்குள் செலுத்தி, பத்தாண்டு காத்திருந்து கற்ற பாடம் இது.

லண்டன் நகரத்தார் கற்றதும் இதுவே. பெருமழையால் சாக்கடை பொங்கித் தேம்ஸ் ஆற்றிற் கலக்கும் நாட்களில், நாளொன்றுக்கு 30 தொன் வரை ஒட்சிசனை ஆற்றில் செலுத்தவல்ல படகொன்றை 1980களின் பிற்பகுதியில் இறக்கினர். அது மீன்களைக் காத்தது. ஆயினும் சாக்கடை பொங்குவது நிற்கவில்லையாதலின், கழிவை ஆற்றுக்கு வரவிடாமலே தடுக்க 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கக் குழாய் ஒன்றைத் தோண்டினர். அது 2025இல் முற்றாக இணைக்கப்பட்டது.

இத்துணைத் தூரம் செல்லவும் வேண்டுவதில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டுவித்த கண்டி வாவியில், 1999ஆம் ஆண்டு நச்சுத்தன்மை கொள்ளத்தக்க நீலப்பச்சைப் பாசி பரவிற்று. மருதமுனை நெசவாளர் பச்சைச் சாயம் கரைத்த தொட்டியை நினைத்துக்கொண்டால் அத்தோற்றம் விளங்கும். நகரத்தின் வடிகால்கள் பல்லாண்டுகளாய்க் கொணர்ந்த சத்துக்களே அதற்கு வித்து.

ஆதலால் தோணாவுக்குச் செய்யவேண்டிய பணியில் பொறிக்கு உரிய இடம் இறுதியிடம். முதலிடம், கழிவு வரும் வாய்களை எண்ணுவது. வட்டையிலிருந்து வரும் வடிச்சல் எத்தனை, ஊரிலிருந்து வரும் வடிகான் எத்தனை, எந்த வீட்டுக் குழாய், எந்தக் கடைக் குழாய் என்று, கோடையில் நீர் வற்றியிருக்கும்போது கரையோரம் நடந்தால் கண்ணாலேயே காணலாம். அடுத்தது, ஆற்றுவாழையை வாரிக் கரையில் குவித்துவிடாமல் அப்புறப்படுத்துவது. கரையிலிட்ட பூண்டு அழுகி, அதன் சாறு முதல் மழையோடு மீண்டும் நீரிலேயே இறங்கும். எடுத்ததை உரக்குழிக்குக் கொண்டுசென்றால் வயலிலிருந்து வந்த சத்து வயலுக்கே மீளும்.

கடல்வாயை வெட்டிவிட்டால் போதும், கடல் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று எண்ணுவோரும் உளர். மாரி வெள்ளத்தில் அது மெய். வெள்ளத்தின் விசையே கழுவுகின்றது. கோடையிலோ அவ்வாறன்று. இலங்கைக் கரையோரத்தில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரையும் எட்டாது. ஆகவே நாள்தோறும் புகுந்து வெளியேறும் நீர் சிறிது. அன்றியும், புகுந்த உப்புநீர் கனமானதாகையால் நன்னீரின் கீழே சென்று படுத்துக்கொள்ளும். இரண்டும் எளிதிற் கலவா. அடியிற் படுத்த உப்புநீருக்கு மேற்காற்று எட்டாமையால் அங்கே மூச்சு இன்னும் விரைவாகத் தீரும். இவ்வாறு படை பிரிந்த நீரைக் கலக்குவதற்குத் துடுப்புச் சக்கரம் மெய்யாகவே பயன்படும். கழிவு குறைக்கப்பட்ட பின்னும், பழைய சேறு தன் கடனைத் தீர்க்கும் சில ஆண்டுகள் வரை, வானம் மூடிய நாட்களின் விடியற்காலைகளில் மீன்களைத் தாங்கிக்கொள்வதற்கும் அதுவே உதவும்.

வீட்டு வளவில் மீன் குளம் வைத்திருப்போர்க்குப் பொறி எப்பொழுதும் இன்றியமையாததன்று. உணவை அளவோடு இட்டு, மீனை நெருக்கமாக விடாதிருந்தால் காற்றே போதும். இடர் நேர்ந்த விடியலில், குளத்து நீரையே நீரிறைக்கும் பம்பியால் எடுத்து, மூன்று நான்கு அடி உயரத்திலிருந்து பலகையொன்றின் மேல் விழச் செய்தால், சிதறி விழும் நீர் காற்றை வாரிக்கொண்டு இறங்கும். கிணற்று நீரைப் பாய்ச்சி மீனைக் காக்க நினைப்பது பலரின் வழக்கம். நிலத்தடி நீரில் பெரும்பாலும் பிராணவாயு குறைவு. அதனையும் பலகையில் விழச்செய்தே விடல் வேண்டும். பள்ளிவாசல் ஹவுள்களில் நீர் உயரத்திலிருந்து விழுமாறு குழாய் வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

நீரின் நிலையை அளந்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டு, இத்தாலியரான அஞ்சலோ சேச்சி என்னும் வானியல் அறிஞர், வெண்ணிறத் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். ஒரு சாண் அகலமுள்ள தகரத் தட்டுக்கு வெள்ளையும் கறுப்பும் தீட்டி, அடியிற் கல்லைக் கட்டி, அங்குலம் குறித்த கயிற்றோடு எந்தப் பாடசாலை மாணவரும் அதனைச் செய்துகொள்ளலாம். கிழமைக்கொரு நாள், நண்பகலில், ஒரே பாலத்தின் ஒரே இடத்திலிருந்து இறக்கி அளந்து எழுதிவைக்க வேண்டும். சேற்றுக் கலங்கல் இல்லாத நாளில் தட்டு ஓரடிக்குள் மறைந்துவிட்டால் பாசி மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த வாரத்து விடியற்காலைகளில் நீரின் மேல் மீன் வாய்திறக்கின்றதா என்பதைப் பார்த்துவரல் வேண்டும். வானம் மூடுமாயின், அன்றிரவு பம்பியையோ சக்கரத்தையோ ஆயத்தமாக வைத்துக்கொள்வது நல்லது.